வெளியீட்டுத் திகதியும் விற்பனையாளர் உரிமையும்: வீடியோ விளையாட்டு வணிகம் பற்றிய ஒரு சட்ட நோக்கு

ஒரு பண்டத்தின் விலை, தரம், அளவு ஆகியன பற்றி வணிகர்களிடையே எழும் பிணக்குகள் மிகப் பழமையானவை. அப்பண்டம் எந்நாளில் விற்கப்படலாம் என்பது பற்றிய பிணக்கு ஒப்பளவிற் புதியது. வீடியோ விளையாட்டு வணிகத்தில் இப்பிணக்கு அடிக்கடி தலைதூக்குகின்றது. ஒரு விளையாட்டினை வெளியிடும் நிறுவனம், அது கடைகளில் விற்பனைக்கு வரவேண்டிய நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றது. வட்டுகள் அடங்கிய பெட்டிகளோ அந்நாளுக்குச் சில நாட்கள் முன்னரே கடையின் பின்னறைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. வாங்க விரும்புபவர் பணத்துடன் நிற்கின்றார்; பண்டமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது; எனினும் குறித்த நாள் வரும்வரை அதனை விற்கலாகாது என்பது வெளியீட்டாளரின் கட்டளை. இக்கட்டளையை மீறி விற்கும் கடைக்காரர் சட்டத்தை மீறியவர் ஆகின்றாரா? அவரிடம் வாங்கியவர் ஏதேனும் தவறு செய்தவராகின்றாரா?

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது பொழுதுபோக்குப் பொருளொன்றைப் பற்றிய சிறிய வினாவாகத் தோன்றக்கூடும். ஆயின் இதன் பின்னால் பெரியதொரு வினா மறைந்து நிற்கின்றது. பணம் பெற்று ஒரு பொருளைக் கைமாற்றியவரின் ஆணை, அப்பொருளைப் பின்தொடர்ந்து எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதே அவ்வினா. ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, யப்பான் ஆகிய நாடுகளின் சட்ட அனுபவங்களை ஆதாரமாகக் கொண்டு அதனைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திகதி தோன்றிய விதம்

வீடியோ விளையாட்டு வணிகத்தின் தொடக்க காலத்தில், நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே வெளியீட்டு நாள் என்பது பெருவழக்காக இருக்கவில்லை. சரக்கு களஞ்சியத்திலிருந்து புறப்பட்டது. எந்தக் கடையை எந்நாளில் அடைந்ததோ அந்நாளில் அங்கு விற்பனையாயிற்று. இந்நிலை 1990களின் தொடக்கத்தில் மாறத் தொடங்கியது. யப்பானிய நிறுவனமாகிய சேகா, ‘சொனிக் 2’ என்னும் விளையாட்டினை 1992 நவம்பர் 24ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரே நாளில் வெளியிட்டது. அந்நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. கிழமையின் பெயரோடு விளையாட்டின் எண்ணையும் பிணைத்துச் செய்யப்பட்ட விளம்பரம், பண்டத்தை மட்டுமன்றி நாளையும் விற்றது எனலாம். யப்பானில் அதே விளையாட்டு மூன்று நாட்களுக்கு முன்னரே விற்பனைக்கு வந்துவிட்டமை ஈண்டு குறிப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டு, 1993 செப்டெம்பர் 13ஆந் திகதி, ‘மோட்டல் கொம்பற்’ என்னும் விளையாட்டின் வீட்டுப் பாவனைக்கான வடிவம் வெளிவந்தபோது, அதன் விளம்பரமும் திங்கட்கிழமை என்பதனை மையமாகக் கொண்டே அமைந்தது.

இவ்வாறு நாள் நிர்ணயிக்கப்படுவதற்குப் பொருளாதாரக் காரணங்கள் உள. பெருந்தொகை செலவிட்டுத் தயாரிக்கப்படும் விளையாட்டொன்றின் விற்பனை முதற் சில வாரங்களிலேயே உச்சத்தை அடைகின்றது. விளம்பரம், பத்திரிகை விமர்சனம், முன்பதிவு ஆகியன யாவும் ஒரு நாளை நோக்கிக் குவிக்கப்படுகின்றன. கதை முடிவு முன்னரே வெளிப்பட்டுவிடலாகாது என்னும் அச்சமும் உண்டு. இவற்றோடு சில்லறை வணிகர்களிடையே சமநிலை பேணல் என்னும் காரணமும் கூறப்படுகின்றது. சொந்த வாகனங்களும் களஞ்சியங்களும் உடைய பெருங் கடைத்தொடர் முதலில் விற்கத் தொடங்குமாயின், மறுநாள் சரக்குப் பெறும் தனிக்கடைக்கு வாடிக்கையாளர் எஞ்சார். பொதுவான நாளொன்று அச்சிறு வணிகருக்கும் ஓரளவு பாதுகாப்பாக அமைகின்றது. இக்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை.

ஆயினும் அந்நாளை விதிப்பவர் யார் என்பது மனங்கொள்ளத்தக்கது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆந் திகதி வெளிவரவிருந்த ‘ஃபைனல் ஃபன்ரசி 7’ மீளாக்கத்தை, கொரோனாத் தொற்றினால் போக்குவரத்துத் தடைப்படலாம் எனக் கருதிய ஸ்குவெயர் எனிக்ஸ் நிறுவனம், ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் வழமையிலும் பார்க்க மிக முந்தி அனுப்பிவைத்தது. சிலருக்கு அது குறித்த நாளின் முன்னரே கிடைக்கக்கூடும் என்பதை அந்நிறுவனமே அறிவித்தது. வெளியீட்டாளரின் வசதி வேண்டியபோது திகதி நெகிழ்ந்து கொடுத்தது. எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. திகதி ஒரு தனியார் தீர்மானமே என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இது குற்றமா?

அரசு இயற்றிய சட்டங்களுக்கும் தனியார் விதித்த நிபந்தனைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை முதலில் தெளிந்து கொள்ளுதல் வேண்டும். பிரித்தானியாவிலே 1984ஆம் ஆண்டின் வீடியோப் பதிவுகள் சட்டத்தின் கீழ், வயது வரம்பு குறிக்கப்பட்ட விளையாட்டினை அவ்வயதை எட்டாதவருக்கு விற்பது குற்றமாகும். 2012 ஜூலை 30ஆந் திகதி முதல், 12, 16, 18 ஆகிய வயது வரம்புகள் ஐரோப்பிய வகைப்படுத்தல் முறைக்கேற்ப அங்கு சட்டவலுப் பெற்றுள்ளன. அவுஸ்திரேலியாவில் அரச வகைப்படுத்தலைப் பெறாத விளையாட்டை விற்பது சட்டவிரோதம். ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. வன்முறை மிக்க விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விற்பதைத் தடைசெய்த கலிபோர்னியச் சட்டத்தை, கருத்து வெளியீட்டுச் சுதந்திரத்துக்கு முரணானதென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு தள்ளுபடி செய்தது.

இச்சட்டங்கள் யாவும் எதை விற்கலாம், யாருக்கு விற்கலாம் என்பவற்றைப் பற்றியன. நிறுவனம் அறிவித்த நாளின் முன் விற்றமையைக் குற்றமாக்கும் சட்டம் இந்நாடுகளில் இல்லை. வெளியீட்டுத் திகதி அரச வர்த்தமானியில் வெளியாவதில்லை. நிறுவனத்தின் விளம்பரத்திலேயே வெளியாகின்றது. எனவே முன்கூட்டி விற்ற கடைக்காரரைப் பொலிசார் கைதுசெய்வர் என்னும் எண்ணம் தவறானது.

இதற்கு இரு புறநடைகள் உள. முதலாவது, களவு. களஞ்சியத்திலிருந்தோ வாகனத்திலிருந்தோ திருடப்பட்ட பெட்டிகளை விற்பதும், திருட்டுப் பொருள் எனத் தெரிந்தே அவற்றை வாங்குவதும் எந்நாளிலும் குற்றமே. திகதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாவது, ஐக்கிய அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட சட்டமொன்று. வர்த்தக வெளியீட்டுக்கென ஆயத்தப்படுத்தப்பட்டு இன்னும் வெளிவராத திரைப்படம், இசைப்பதிவு, கணினி மென்பொருள் முதலியவற்றை, உரிமையாளரின் அனுமதியின்றிப் பொதுமக்கள் அணுகத்தக்க கணினி வலைப்பின்னலில் வேண்டுமென்றே பரப்புவதை அது தனிக்குற்றமாக்கியது. முதற் குற்றத்துக்கு மூன்றாண்டு வரையும், இலாப நோக்கு இருப்பின் ஐந்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். இச்சட்டம் தாக்குவது வலைப்பின்னல் வழிப் பரப்பலையே. முறைப்படி அச்சிடப்பட்டு முறைப்படி கடைக்கு வந்த பெட்டியொன்றை மேசைமீது வைத்து விற்பவர் இதனுள் அடங்கார். வெளிவராத படைப்பைப் பற்றிச் சிந்தித்துச் சட்டமியற்றிய பாராளுமன்றம், கடைக்காரரைக் குற்றவாளியாக்காது விட்டமை சிந்திக்கத்தக்கது.

பதிப்புரிமை எவ்வளவு தூரம் செல்லும்?

குற்றவியற் சட்டம் இல்லையெனில், பதிப்புரிமைச் சட்டம் திகதியைக் காக்குமா? ஒரு படைப்பைப் பிரதி செய்வதற்கும் பிரதிகளை மக்களிடையே விநியோகிப்பதற்கும் உரிமை படைப்பின் உரிமையாளருக்கே உரியது. ஆகவே அவர் குறித்த நாளுக்கு முன் விற்பது அவரது விநியோக உரிமையைக் கவர்வதாகும் என வாதிக்க இடமுண்டு.

இவ்வாதத்துக்கான விடை நூறாண்டுகளுக்கும் முந்திய ஒரு வழக்கிற் காணப்படுகின்றது. பொப்ஸ்-மெரில் என்னும் அமெரிக்கப் பதிப்பகம் நாவலொன்றை வெளியிட்டு, அதன் சில்லறை விலை ஒரு டொலர் எனவும், அதற்குக் குறைவாக விற்பது பதிப்புரிமையை மீறுவதாகக் கொள்ளப்படும் எனவும் நூலிலேயே அச்சிட்டிருந்தது. நியூயோர்க்கின் மேசி பேரங்காடியினர் அதனை 89 சதத்துக்கு விற்றனர். 1908ஆம் ஆண்டு இவ்வழக்கைத் தீர்த்த அமெரிக்க உயர் நீதிமன்றம், பதிப்புரிமையால் வரும் விற்பனை உரிமை முதல் விற்பனையோடு தீர்ந்துவிடுகின்றது என்றும், ஒப்பந்தத் தொடர்பில்லாத பிற்கால வணிகரை ஓர் அறிவித்தலால் கட்டுப்படுத்த இயலாது என்றும் கூறியது. இத்தத்துவம் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்று, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 109ஆம் பிரிவிலும் தொடர்கின்றது. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும், உரிமையாளரின் சம்மதத்தோடு ஏற்கெனவே புழக்கத்தில் விடப்பட்ட பிரதிகளின் மறுவிற்பனையைத் தடுப்பதில்லை. யப்பானிலே விளையாட்டு நிறுவனங்கள் பழைய விளையாட்டுகளின் மறுவிற்பனையைத் தடுக்க முயன்றபோது, அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2002 ஏப்ரல் 25ஆந் திகதி அவற்றின் வாதத்தை நிராகரித்தது. விளையாட்டுகளைத் திரைப்படங்களுக்கு ஒப்பானவையாகக் கொண்டபோதிலும், முதல் விற்பனையோடு விநியோக உரிமை தீர்ந்துவிடும் என்றே அது முடிவு செய்தது.

நாவலின் விலையைப் பற்றிய தத்துவம் விளையாட்டின் திகதிக்கும் பொருந்துமா? ‘இவ்விலைக்குக் குறைய விற்காதே’ என்பதும் ‘இந்நாளுக்கு முன் விற்காதே’ என்பதும் ஒரே வகையான கட்டளைகள். இரண்டும் விற்று முடித்த பொருளின் மீது விற்றவர் விட்டுச்செல்ல முயலும் தளைகள். வெளியீட்டாளரோ மொத்த வணிகரோ பெட்டிகளைக் கடைக்காரருக்கு உண்மையாகவே விற்று, சொத்துரிமையைக் கைமாற்றிவிட்டாராயின், முதல் விற்பனை அங்கேயே நிகழ்ந்துவிடுகின்றது. வாடிக்கையாளருக்கு நிகழ்வது இரண்டாவது விற்பனை. மாறாக, சொத்துரிமை குறித்த நாள் வரை வெளியீட்டாளரிடமே இருக்கும் என்றோ, கடைக்காரர் முகவராக மட்டுமே பொருளை வைத்திருக்கின்றார் என்றோ எழுத்தில் இருப்பின், பெட்டி கடையில் இருந்தும் கடைக்குரியதாகாது. அந்நிலையில் பதிப்புரிமை வாதத்துக்கு வலுவுண்டு. ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் முதலிற் கேட்கவேண்டியது, பெட்டி அந்நாளில் யாருடையது என்பதே.

நிலத்தோடு செல்லும் கடப்பாடுகளை நாம் நன்கறிவோம். வழிவாய்க்கால் உரிமையும் கிணற்றுப் பங்கும் காணியை வாங்கியவரையும் பின்தொடர்கின்றன, உறுதியிலும் எழுதப்படுகின்றன. அசையும் பொருள்களோடு இத்தகைய கடப்பாடுகளை ஒட்டிவிடுவதை ஆங்கிலச் சட்ட மரபு பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே விரும்பவில்லை. 2017ஆம் ஆண்டு அச்சு இயந்திர மைப்பேழைகள் பற்றிய லெக்ஸ்மார்க் வழக்கிலும் அமெரிக்க உயர் நீதிமன்றம் அம்மரபை எடுத்துக்காட்டி, விற்ற பொருளின் மீது காப்புரிமை தொடராது எனத் தீர்ப்பளித்தது. பொருள்கள் கைக்குக் கை தடையின்றிச் செல்வதிலேயே பொதுநலன் தங்கியுள்ளது என்பதே இதன் அடிப்படை.

ஒப்பந்தத்தின் பிடி

பதிப்புரிமை கைவிடும் இடத்தில் ஒப்பந்தம் தொடங்குகின்றது. வெளியீட்டாளரிடமிருந்து நேரடியாகச் சரக்குப் பெறும் கடைத்தொடர்கள், குறித்த நாளுக்கு முன் விற்பதில்லை என எழுத்தில் உடன்படுவது வழக்கம். அவ்வுடன்பாட்டை மீறுதல் குடியியல் தவறாகும், நட்டஈடு கோரலாம், நிகழவிருக்கும் மீறலைத் தடுக்கத் தடையுத்தரவும் பெறலாம். முன்கூட்டிய விற்பனை ‘சட்டவிரோதம்’ எனப் பொதுவழக்கிற் கூறப்படும்போது, உண்மையிற் கருதப்படுவது இவ்வொப்பந்த மீறலே.

நூல் வெளியீட்டுத் துறையில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. ஹரி பொட்டர் வரிசையின் இறுதி நூல் 2007 ஜூலை 21ஆந் திகதி வெளிவரவிருந்தபோது, அமெரிக்க இணைய விற்பனை நிலையமொன்று சில பிரதிகளை முன்னரே தபாலில் அனுப்பிவிட்டது. பதிப்பகமாகிய ஸ்கொலஸ்ரிக், அந்நிலையத்தின் மீதும் அதற்குச் சரக்களித்த விநியோக நிறுவனத்தின் மீதும் இலினோய் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டு ஒப்பந்த மீறல் என்பதே. பிரதிகளைப் பெற்ற வாசகர்கள்மீது வழக்கில்லை. நாள் வரும்வரை பொதியை மறைத்து வைக்கும்படி அவர்கள் வேண்டப்பட்டனர்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத கடைக்காரரின் நிலை யாது? மொத்த வணிகரிடமிருந்து வாங்கும் சிறு கடைகளுள் பல இத்தகையன. 1915ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்த டன்லொப் எதிர் செல்ஃப்ரிட்ஜ் வழக்கு இங்குப் பயன்படும். டன்லொப் நிறுவனம் தன் ரயர்களை மொத்த வணிகருக்கு விற்றது; அவர் அவற்றைச் செல்ஃப்ரிட்ஜ் அங்காடிக்கு விற்கையில், விலை குறைத்து விற்றால் ரயர் ஒன்றுக்கு ஐந்து பவுண் டன்லொப்புக்குச் செலுத்துவதாக உடன்படிக்கை பெற்றார். அங்காடி விலையைக் குறைத்தது. டன்லொப் வழக்காடித் தோற்றது. ஒப்பந்தத்தின் திறத்தவர் அல்லாதார் அதன் பயனைக் கோரலாகாது என்பதே முடிவு. 1999ஆம் ஆண்டின் சட்டமொன்று, ஒப்பந்தத்தில் வெளிப்படையாகக் குறிக்கப்பட்ட மூன்றாந் திறத்தவருக்கு ஓரளவு உரிமை வழங்கி இவ்விதியைத் தளர்த்தியுள்ளது. எனினும் எந்த உடன்பாட்டையுமே செய்துகொள்ளாத கடைக்காரரை அச்சட்டமும் கட்டுப்படுத்தாது. ஆனால் மொத்த வணிகரின் ஒப்பந்தத்தை அறிந்துகொண்டே, அதனை மீறும்படி அவரைத் தூண்டியவர் தப்பமாட்டார். அத்தகைய தூண்டுதல் ஒரு தீங்கியற் தவறு என்பது 1853ஆம் ஆண்டின் லம்லி எதிர் கை வழக்கிலிருந்தே நிலைபெற்ற விதி.

இவையெல்லாம் நீதிமன்றத்துக்குச் சென்றால் நிகழ்வன. நடைமுறையில் வெளியீட்டாளர் நீதிமன்றத்தை நாடவேண்டிய தேவை அரிது. அடுத்த விளையாட்டின் பெட்டிகளைத் தாமதித்து அனுப்புதல், சரக்களிப்பையே நிறுத்துதல், சலுகைகளை மீட்டுக்கொள்ளுதல் ஆகியன அவரது கையிலேயே உள. சட்டத்தின் முன் திறத்தவர் இருவரும் சமமானவர். சந்தையிலோ ஒருவரிடம் மட்டுமே பண்டம் உண்டு. நூறு கிளைகளையுடைய கடைத்தொடரைத் தண்டித்தால் வெளியீட்டாளருக்கும் நட்டம்; ஆதலால் அங்கு கண்டிப்புத் தளர்கின்றது. ஒற்றைக் கடையைத் தண்டிப்பதால் வெளியீட்டாளருக்கு இழப்பேதும் இல்லை. சிறு வணிகரைக் காப்பதற்கெனக் கூறப்படும் திகதியே அவரைத் தண்டிக்கும் கருவியாகவும் அமையக்கூடும் என்பது இதனாற் புலனாகும். 2013 செப்டெம்பர் 17ஆந் திகதி வெளிவந்த ‘கிறான்ட் தெஃப்ட் ஓட்டோ 5’ பிரித்தானியாவில் அமேசன் வழியாக முன்பதிவு செய்திருந்த சிலருக்குச் சில நாட்கள் முன்னரே கிடைத்துவிட்டது. அமேசன் அதன் பின்னரும் விளையாட்டுகளை விற்றுக்கொண்டே இருக்கின்றது.

வாங்கியவரின் நிலை

வாங்கியவர் எந்த ஒப்பந்தத்துக்கும் திறத்தவர் அல்லர். கடை திறந்திருந்தது, பணம் கொடுத்தார், பற்றுச்சீட்டுப் பெற்றார். திருட்டுப் பொருளல்லாதவிடத்துப் பெட்டி அவருடையதே. இப்பொது விதிக்கு மாறாகத் தோன்றும் ஒரு நிகழ்ச்சி 2005ஆம் ஆண்டு கனடாவில் இடம்பெற்றது. பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் கொக்கிற்லம் நகரத்துக் கடையொன்றில், ஹரி பொட்டர் வரிசையின் ஆறாம் நூலின் 14 பிரதிகள் தவறுதலாக முன்னரே விற்கப்பட்டுவிட்டன. வெளியீட்டு நாள் ஜூலை 16. பதிப்பகம் மாகாண நீதிமன்றத்தை நாடி, வாங்கியவர்கள் அந்நாள்வரை நூலை வாசிப்பதையோ அதன் உள்ளடக்கம் பற்றிப் பேசுவதையோ தடுக்கும் உத்தரவைப் பெற்றது. பணங்கொடுத்து வாங்கிய நூலைத் தம் வீட்டிலிருந்து வாசிப்பதை நீதிமன்றம் தடுத்தல் தகுமோ என்னும் வினா அப்போது பரவலாக எழுந்தது. அவசரத்தில் வழங்கப்பட்ட அவ்வுத்தரவு, வணிக நிறுவனத்தின் விளம்பரத் திட்டத்துக்காக வாசகரின் சுதந்திரம் எவ்வளவு எளிதிற் சுருக்கப்படலாம் என்பதற்கு எச்சரிக்கையாக உள்ளது.

எல்லையும் திகதியும்

திகதிக்கு உண்மையான சட்டவலுக் கிடைக்கும் இடமும் ஒன்றுண்டு. அது நாட்டெல்லை. சோனி நிறுவனம் தன் கையடக்க விளையாட்டுக் கருவியை யப்பானில் 2004 டிசெம்பர் 12ஆந் திகதியும், ஐக்கிய அமெரிக்காவில் 2005 மார்ச் 24ஆந் திகதியும், ஐரோப்பாவில் 2005 செப்டெம்பர் முதலாந் திகதியும் வெளியிட்டது. இந்த இடைவெளியில் ஹொங்கொங்கின் லிக்-சாங் முதலிய வணிகர் அக்கருவியை யப்பானிலிருந்து ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு அனுப்பினர். கருவி போலியன்று, சோனி தானே விற்றது. எனினும் ஐரோப்பிய விதிப்படி, ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்குள் உரிமையாளரின் சம்மதத்துடன் விற்கப்பட்ட பொருளின் மீது மட்டுமே உரிமை தீர்கின்றது. லண்டன் மேல் நீதிமன்றம் 2006 ஒக்டோபரில் சோனியின் பக்கம் தீர்ப்பளித்தது; சில நாட்களில் லிக்-சாங் தன் வணிகத்தை மூடிவிட்டதாக அறிவித்தது.

ஐக்கிய அமெரிக்கா வேறு வழியிற் சென்றது. அங்கு கேர்ட்செங் எதிர் வைலி வழக்கில், வெளிநாட்டில் முறைப்படி தயாரித்து விற்கப்பட்ட பிரதியை வாங்கியவர் அதனை அமெரிக்காவிலும் விற்கலாம் என உயர் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஒரே செயல் ஓரிடத்தில் உரிமையாகவும் மற்றோரிடத்தில் மீறலாகவும் அமைவதிலிருந்து, வெளியீட்டுத் திகதி தன்னளவில் வலுவற்றது என்பதும், வேறொரு சட்டத்தின் தோளில் ஏறியே அது வலுப்பெறுகின்றது என்பதும் தெளிவாகின்றன.

உண்மையான தீங்கு எது?

முன்கூட்டிய விற்பனையால் வெளியீட்டாளருக்கு நேரும் பெருந்தீங்கு, விற்ற பிரதியால் அன்று, அதிலிருந்து எடுக்கப்படும் கள்ளப் பிரதியால் விளைகின்றது. 2009 நவம்பரில் நின்டெண்டோவின் ‘நியூ சுப்பர் மாரியோ புறோஸ் வீ’ அவுஸ்திரேலியாவில் வெளிவருமுன், கடையொன்று அதனை முந்தி விற்றது. அதனை வாங்கிய குயின்ஸ்லாந்து இளைஞர் ஒருவர் பிரதி செய்து இணையத்தில் ஏற்றினார். 2010ஆம் ஆண்டு அவர் நின்டெண்டோவுக்கு 15 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் செலுத்த உடன்படவேண்டியதாயிற்று. அவர் பொறுப்பேற்றது முந்தி வாங்கியமைக்காக அன்று; பிரதி செய்து பரப்பியமைக்காகவே. 2023 மே 12ஆந் திகதி வெளிவந்த ‘செல்டா’ வரிசை விளையாட்டொன்றும் முன்னரே இணையத்திற் கசிந்தது. வெளியீட்டுக்கு முன் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் அது சட்டவிரோதமாக இறக்கப்பட்டதென நின்டெண்டோ 2024இல் தொடுத்த வழக்கிற் கூறியது. அவ்வழக்கு, விளையாட்டுக் கருவியைக் கணினியிற் போலச்செய்யும் மென்பொருளைத் தயாரித்தோர் 24 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியதோடு முடிந்தது.

பிரதி பண்ணலைத் தண்டிக்கச் சட்டங்கள் தாராளமாக உள. அவற்றின் கடுமையைக் கடைக்காரரின் தவறுமீதும் படியச் செய்வது முறையன்று. கடையிலே பெட்டியை உடைத்து அடுக்கும் ஊழியர் நாளைக் கவனியாது விற்றுவிடுவதும், உலகளாவிய முறையிற் பிரதிகளைப் பரப்புவதும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கன அல்ல.

வட்டிலிருந்து பூட்டுக்கு

இதுவரை கூறியவை யாவும் வட்டு அல்லது பேழை வடிவில் விளையாட்டு விற்கப்படும் நிலையைப் பற்றியன. இன்று விற்பனையின் பெரும்பகுதி இணையம் வழியாக நிகழ்கின்றது. முன்பதிவு செய்தவரின் கருவிக்குள் விளையாட்டின் கோப்புகள் சில நாட்கள் முன்னரே வந்து சேர்ந்துவிடினும், குறித்த நாழிகை வரை அவை பூட்டியே கிடக்கின்றன. வட்டில் வரும் விளையாட்டுகளிலும் பல, முதல் நாளில் இறக்கப்படும் திருத்தக் கோப்பையோ நிறுவனத்தின் சேவைக் கணினியையோ எதிர்பார்த்து நிற்கின்றன. கடைக்காரர் முந்தி விற்றாலும் விளையாட்டு முழுமையாக இயங்காது.

இம்மாற்றத்தின் சட்டப் பொருள் ஆழமானது. கடைக்காரர் ஒப்பந்தத்தை மீறலாம்; மீறினால் விளைவை ஏற்கலாம்; மீறியது தவறா என்பதை நீதிபதி ஒருவர் ஆராயலாம். பூட்டுக்கோ இவ்வகைத் தெரிவு இல்லை. முன்பு ஒரு வாக்குறுதியாக இருந்த திகதி இப்போது பொறியின் ஓர் உறுப்பாகிவிட்டது. பூட்டியவரிடம் ‘உமக்கு இவ்வுரிமை எங்கிருந்து வந்தது’ என வினவும் சந்தர்ப்பமே அங்கு எழுவதில்லை.

முதல் விற்பனைத் தத்துவமும் இங்குத் தடுமாறுகின்றது. இறக்கிய மென்பொருளை, அதற்கான நிரந்தர உரிமத்தைப் பணம் கொடுத்துப் பெற்றவர் மறுவிற்பனை செய்யலாம் என ஐரோப்பிய நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு ஒராக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் ஏற்றது. ஆயின் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2018ஆம் ஆண்டு இசைக் கோப்புகள் பற்றிய ரீடிஜி வழக்கில், கோப்பை இடம் மாற்றுவதே புதிய பிரதி செய்வதாகும் எனக் கூறி மறுவிற்பனையை மறுத்தது. இணைய வழியில் வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்யலாம் என 2019இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று வால்வ் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022இல் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வாங்குவோர் பெறுவது உரிமம் மட்டுமே என்றால் அதனைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்குதல்’ என்னும் சொல்லை விற்பனை நிலையங்கள் பயன்படுத்துவதைத் தடைசெய்கின்றது. சொல்லுக்கு விதிக்கப்பட்ட இக்கட்டுப்பாடு நேர்மையானதே. ஆனால் இழந்த உரிமையை அது மீட்டுத் தருவதில்லை. இழந்ததை உணர்த்துவதோடு நின்றுவிடுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படுகின்றன. முறைப்படி பெற்ற விளையாட்டை அறிவிக்கப்பட்ட நாளுக்கு முன் விற்பது குற்றமன்று. சொத்துரிமை கைமாறியவிடத்து அது பதிப்புரிமை மீறலும் அன்று. உடன்படிக்கை செய்தவர் அதனை மீறினால் ஒப்பந்தப்படி பொறுப்பாவார்; உடன்படாதவர், பிறரை மீறத் தூண்டாதவரை, பொறுப்பாகார். வாங்கியவர் தவறேதும் செய்தவரல்லர். பிரதி செய்து பரப்பினால் மட்டுமே அவர் சட்டத்தின் பிடிக்குள் வருகின்றார்.

திகதி பேணப்படுவதனால் வணிகர்க்கும் படைப்பாளர்க்கும் நன்மை விளையலாம். அந்நன்மையை ஒப்பந்தத்தின் மூலம் பெறுவதை எவரும் மறுக்கார். மறுக்கவேண்டியது, தனியார் ஒப்பந்தமொன்று நாட்டின் சட்டம் போல வேடமிட்டு, உடன்படாதவரையும் வாங்கியவரையும் அச்சுறுத்துவதையே. 1908இல் மேசி அங்காடி 89 சதத்துக்கு விற்ற நாவலிலிருந்து இன்றைய பூட்டிய கோப்பு வரை வினா ஒன்றேதான்: விற்றபின் பொருள் யாருடையது? நூறாண்டுகளாக நீதிமன்றங்கள் பெரும்பாலும் வாங்கியவருடையது என்றே விடை கூறிவந்துள்ளன. பொருளையே விற்காது அனுமதியை மட்டும் விற்கும் இன்றைய முறை அவ்விடையை மறுக்கவில்லை. அவ்வினா எழுவதற்கான இடத்தையே ஒழித்துவிடுகின்றது. முன்கூட்டி விற்ற கடைக்காரரைப் பற்றிய சிறு வழக்குகளைச் சட்ட மாணவரும் நுகர்வோர் இயக்கத்தினரும் கூர்ந்து கவனிக்க வேண்டியதன் காரணம் இதுவே. அவர் கடையோடு மறையக்கூடியது ஒரு வணிகம் மட்டுமன்று; வாங்கிய பொருளின் மீது வாங்கியவருக்குள்ள முழு உரிமையுமாகும்.